வெள்ளி நடந்த பாதை – 14: மன்னன் மேல் விழுந்த முத்திரை

1809ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரக் கம்மட்டம் 2 கோடியே 61 லட்சம் பெசோ அடித்து வெளியிட்டது. 1812இல் அதே கம்மட்டத்திலிருந்து வந்தது 44 லட்சம்தான். மூன்றே ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. சுரங்கங்களில் வெள்ளி வற்றிப்போகவில்லை. அது தலைநகர் வந்து சேரத்தான் வழியில்லாமல் போனது.

புதிய ஸ்பெயின் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெருநிலம் முழுவதற்கும் 1535இலிருந்து ஒரே ஒரு கம்மட்டம்தான் இருந்தது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். சக்கத்தேக்காஸ், குவானாஹுவாத்தோ, துராங்கோ என எந்த மலையில் வெட்டினாலும், வெள்ளிக் கட்டிகள் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி மெக்சிகோ நகருக்கு நடந்து வர வேண்டும். அங்கே மாற்றுப் பார்த்து, மன்னன் தலை பதித்துக் காசாக்கிய பிறகு, அதே கழுதைகள் சுரங்க ஊர்களுக்குக் கூலிப்பணத்தைச் சுமந்து திரும்பும். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்க வேண்டிய பாதரசமும் ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கத்திலிருந்து கப்பலேறி வந்து அதே வழிகளில்தான் உள்நாட்டுக்குப் போனது. மாட்ரிட்டுக்கு இது வசதியான ஏற்பாடு. வழியை மறிக்க யாரேனும் துணியும் வரைக்கும்.

1810 செப்டம்பர் 16 அன்று தொலோரேஸ் என்ற சிற்றூரின் பங்குத்தந்தை மிகேல் இடால்கோ மக்களைத் திரட்டிக் கிளம்பினார். பன்னிரண்டாம் நாள், செப்டம்பர் 28 அன்று, அந்தக் கூட்டம் குவானாஹுவாத்தோ நகரின் தானியக் களஞ்சியத்தை உடைத்து நுழைந்தது. நகர நிர்வாகி ரியான்யோ அரசுக் கருவூலத்தையும் வெள்ளிக் கட்டிகளையும் அந்தக் கல் கட்டடத்துக்குள்தான் கொண்டுபோய் வைத்திருந்தார். அன்று அங்கே நடந்த படுகொலையைப் பதினேழு வயதுச் சிறுவனாக அந்நகரில் இருந்த லூக்காஸ் அலமான் பின்னாளில் வரலாற்றாசிரியராகி விரிவாக எழுதினார். அதன்பின் புரட்சியை அவரால் மன்னிக்கவே முடியவில்லை. நமக்கு இங்கே வேண்டியது அடுத்து நடந்தது. இடால்கோ அந்நகரிலேயே ஒரு கம்மட்டம் அமைக்க ஏற்பாடு செய்தார். புரட்சிக்குக் காசும் வேண்டும் என்பது அவருக்கு முதல் மாதத்திலேயே விளங்கிவிட்டது. ஆனால் நவம்பர் 25 அன்று அரசுப் படைத்தளபதி காயேகா நகரைத் திரும்பப் பிடித்தார். அடுத்த ஆண்டு ஜூலை 30 அன்று சிவாவாவில் இடால்கோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடையதும் தோழர்கள் மூவருடையதுமாக நான்கு தலைகள் அந்தக் களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் இரும்புக் கூண்டுகளில் தொங்கவிடப்பட்டன. 1821 வரை அவை அங்கேயே இருந்தன.

இனிக் காசைப் பார்ப்போம். ஒரு பெசோ என்பது எட்டு ரியால். எடை ஏறத்தாழ 27 கிராம், நம் கணக்கில் மூன்றரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் மன்னனின் உருவமும் பெயரும். மறுபக்கம் முடிசூடிய கேடயம், அதன் இருபுறமும் ஹெர்குலிஸின் தூண்கள். லண்டன் முதல் காண்டன் வரை இந்தக் காசை மறுத்த வணிகர் இல்லை. 1808இல் நெப்போலியன் ஸ்பெயினின் இளம் மன்னன் ஏழாம் பெர்னாண்டோவைச் சிறைவைத்துத் தன் அண்ணனை அரியணையில் அமர்த்தினான். அப்போதும் மெக்சிகோ நகரம் பெர்னாண்டோவின் பெயரிலேயே காசு அடித்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் காவலில் இருந்தவன் கடலுக்கு அப்பால் ஒவ்வொரு வெள்ளிக் காசுக்கும் பிணை நின்றான்.

புரட்சிக்காரர்கள் எதிர்கொண்ட சிக்கல் இதுதான். வெள்ளி அவர்களிடம் இருந்தது. சுரங்க ஊர்கள் கைக்கு வந்தன, கருவூல வண்டிகள் பிடிபட்டன, தேவாலயப் பாத்திரங்கள் கிடைத்தன. ஆனால் வெள்ளிக் கட்டியைக் கொடுத்துச் சோளம் வாங்க முடியாது. அதைக் காசாக்க வேண்டும், காசுக்கு யாராவது பிணை நிற்க வேண்டும். யார் நிற்பது?

முதல் விடை சிதாக்குவாரோ நகரில் பிறந்தது. இடால்கோவின் செயலாளராக இருந்த வழக்கறிஞர் இக்னாசியோ லோப்பஸ் ரயோன், 1811 ஆகஸ்ட் 19 அன்று அங்கே ஓர் உச்சக் குழுவை நிறுவினார். ஹோசே மரியா லிசேயாகா, பாதிரியார் வெர்துஸ்கோ ஆகிய இருவரும் உடன் இருந்தனர். ரயோன் தலால்புஹாவா என்ற சுரங்க ஊரில் பிறந்தவர், வெள்ளியின் போக்குவரவை அறிந்தவர். அந்தக் குழு வெளியிட்ட எட்டு ரியால் காசில் மன்னனின் தலை இல்லை. அதன் இடத்தில், பாலத்தின் மேல் முளைத்த சப்பாத்திக்கள்ளியில் ஒரு கழுகு அமர்ந்திருக்கிறது. அஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரை நிறுவிய கதையின் கழுகு அது. பாலம் ஸ்பானியர் அந்நகருக்குக் கொடுத்த சின்னத்திலிருந்து வந்தது. மறுபக்கத்தில் வில், அம்புத்தூணி, கவண் என்று பழங்குடி மக்களின் ஆயுதங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, கழுகைச் சுற்றி அவர்கள் பொறித்த வாசகம், "கடவுளின் அருளால் ஏழாம் பெர்னாண்டோ" என்பது. மறுபக்கத்தில், "அமெரிக்காவின் உச்சக் குழுவால், தற்காலிகமாக."

இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1811 செப்டம்பர் 4 அன்று இந்தக் குழு தெற்கே போரிட்டுக்கொண்டிருந்த மொரேலோஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. மன்னனின் பெயரைச் சொல்வதால்தான் எதிரிப் படையிலிருந்து வீரர்கள் நம் பக்கம் வருகிறார்கள், தயங்கி நிற்கும் மக்கள் அஞ்சாமல் சேர்கிறார்கள், ஆகவே இப்போதைக்கு அந்தப் பெயர் இருக்கட்டும் என்பது அதன் சாரம். படைக்கு ஆள் சேர்க்க உதவிய அதே பெயர்தான் சந்தையில் காசைச் செல்லவைக்கவும் உதவியது. மூன்று நூற்றாண்டுகளாக "வெள்ளி" என்றாலே "மன்னன்" என்று பழகிய குடியானவனின் கையில் வேறு எதை வைப்பது?

1812 ஜனவரி 2 அன்று காயேகா சிதாக்குவாரோவைப் பிடித்தார். பிறகு ஊரைத் தரைமட்டமாக்கி எரித்தார். குழு சுல்தெப்பெக் மலைகளுக்கு ஓடியது. அதோடு நிலையான கம்மட்டம் என்ற எண்ணத்துக்கும் முடிவு வந்தது. திருகு அச்சுப்பொறியைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஓட முடியாது. ஆனால் விரல் நீள எஃகு முளை ஒன்றையும் சுத்தியலையும் சேணப்பையில் போட்டுக்கொள்ளலாம். ஓய்ந்து நிற்கும் இடத்தில் ஒரு பட்டறைக்கல் போதும். கையில் இருக்கும் காசை அதன் மேல் வைத்து, முளையை நிறுத்தி, ஓங்கி ஒரே அடி. மன்னனின் கன்னத்திலோ கழுத்திலோ மார்பிலோ கழுகு பதிந்துவிடும். பின்பக்கத்தில் அந்த அடியின் அழுத்தத்தால் கேடயத்தின் ஒரு பகுதி நசுங்கித் தட்டையாகும். இப்படித்தான் மெக்சிகோ விடுதலைப் போரின் மேல்முத்திரைக் காசுகள் பெருகின. அவற்றின் வகைகளைத் தொகுப்பவர்கள் இன்றும் பட்டியலை முடித்தபாடில்லை.

எந்தக் காசின் மேல் அடித்தார்கள்? கைக்கு வந்த எல்லாவற்றின் மேலும். தலைநகரின் நேர்த்தியான பெசோ, போர்க்காலத்தில் மாகாணங்களில் அவசரமாக அடித்த கரடுமுரடான காசு, மணல் அச்சில் உருக்கி வார்த்த காசு என்று எதுவும் விலக்கில்லை. இதில் வார்ப்புக் காசுதான் கவனிக்கத் தக்கது. நல்ல பெசோ ஒன்றை மணலில் அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் வெள்ளியை ஊற்றினால் காசு கிடைக்கும். ஆனால் விளிம்பு மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் நுண்துளைகள் இருக்கும், சுண்டினால் கணீரென்று ஒலிக்காது. கள்ளக் காசும் இதே முறையில்தான் செய்யப்படும். அப்படியானால் இது புரட்சிப் படையின் காசா, ஊர்க் கள்ளனின் காசா என்று கடைக்காரர் எப்படி அறிவார்? முத்திரையைப் பார்த்துத்தான். "சோதிக்கப்பட்டது" என்று பொருள்படும் சொல்லையே கழுகுக்குக் கீழே பொறித்த முத்திரை ஒன்று உண்டு. வெள்ளியின் மாற்றுக்கு நாங்கள் பொறுப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படை வாக்குக் கொடுக்கிறது. அந்தச் சிறு முத்திரை என்னை நெகிழவைக்கிறது. தலைக்கு விலை வைக்கப்பட்ட மனிதர்கள் வெள்ளியில் கலப்படமில்லை என்று உறுதி சொல்ல மெனக்கெட்டிருக்கிறார்கள்.

உச்சக் குழுவின் கழுகு ஒரு முத்திரை. ஆனால் போர் பரவப் பரவ முத்திரைகளும் பிரிந்தன. லிசேயாகா தன் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையும் வைத்துத் தனியாக ஒன்று அடித்தார். யுரிரியா ஏரியின் நடுவே ஒரு தீவை அரண் செய்து கொஞ்ச காலம் அவர் தாக்குப்பிடித்தார். வடக்கு மலைகளில் ஒசோர்னோ தன் பெயரைச் சுருக்கெழுத்தாகப் பின்னி முத்திரையாக்கினார். 1812 ஏப்ரலில் அவருடைய ஆட்கள் பச்சூக்கா என்ற சுரங்க நகரைப் பிடித்தபோது அரசு வெள்ளிக் கட்டிகள் பெருமளவில் சிக்கின. வூயிச்சாப்பன் பகுதியில் கோலோச்சிய ஹுலியான் வில்லாகிரான் தன் பெயரையே இரண்டு வரிகளில் வெள்ளியில் இறக்கினார். சொங்கோலிக்கா என்ற மலைக்கிராமத்தில் இரண்டு பாதிரியார்களும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்து முழுக் காசே அடித்துவிட்டார்கள். 1812ஆம் ஆண்டிட்ட அந்தக் காசில் வில்லும் அம்பும், சுற்றிலும் "ஏழாம் பெர்னாண்டோவும் அமெரிக்காவும் வாழ்க."

ஒரே காசில் ஒசோர்னோவின் முத்திரையும் வில்லாகிரானின் முத்திரையும் சேர்ந்து விழுந்தவை கிடைத்திருக்கின்றன. லிசேயாகாவின் எழுத்துகளோடு "சோதிக்கப்பட்டது" முத்திரையும் சேர்ந்த காசும் உண்டு. ஒரு தலைவரின் எல்லையைத் தாண்டியதும் அடுத்தவர் தன் பங்குக்கு ஓர் அடி. ஒற்றுமைக்குச் சான்றாக இதைக் காட்டுவோர் இருக்கிறார்கள். நான் எதிர்மாறாகவே படிக்கிறேன். அண்டை ஊர்ப் புரட்சிக்காரரின் வாக்கு இந்த ஊரில் செல்லவில்லை. 1813இல் ரயோனும் லிசேயாகாவும் வெர்துஸ்கோவும் வெளிப்படையாக மோதிக்கொண்டதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வில்லாகிரான் அதே ஆண்டு ஜூனில் பிடிபட்டுச் சுடப்பட்டார். அவருக்கு உதவ அக்கம்பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

தெற்கே நடந்தது வேறு கதை. ஹோசே மரியா மொரேலோஸ் இளமையில் கோவேறு கழுதை ஓட்டியவர். சரக்கு எந்தக் கணவாய் வழியே போகும், எங்கே தங்கும், எங்கே மறித்தால் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு நடந்து பழகியே தெரியும். பிறகு படித்துப் பாதிரியாராகி, கராக்குவாரோ என்ற வெக்கை மிகுந்த ஏழைப் பங்கில் ஊழியம் செய்தார். 1810 அக்டோபர் 20 அன்று இடால்கோவைச் சந்தித்தார். அவர் படித்த கல்லூரியின் முன்னாள் தலைவர்தான் இடால்கோ. தெற்கே போ, அக்கபுல்கோ துறைமுகத்தைப் பிடி என்று கட்டளை கிடைத்தது. இருபத்தைந்து பேர் அளவிலான கூட்டத்தோடு புறப்பட்டார்.

அப்போது அவர் கையில் பெரிய வெள்ளிச் சுரங்கங்கள் இல்லை. எனவே 1811 ஜூலையில் மொரேலோஸ் செம்பில் காசு அடிக்க ஆணையிட்டார். எட்டு ரியால் மதிப்பிட்ட செம்புக் காசு! ஒரு பக்கம் அவருடைய பெயர்ச் சுருக்கம், மதிப்பு, ஆண்டு. மறுபக்கம் நாணேற்றிய வில், அதில் ஓர் அம்பு, கீழே "தெற்கு" என்ற ஒற்றைச் சொல். மன்னன் எங்கும் இல்லை. தலையும் இல்லை, பெயரும் இல்லை, வாழ்கவும் இல்லை. போர் முடிந்ததும் நல்ல காசாக மாற்றித் தரப்படும் என்பது அவர் வாக்கு. உலோகத்தின் மதிப்பும் இல்லாமல் மன்னனின் பிணையும் இல்லாமல், வெறும் வாக்கை மட்டும் நம்பி எழுந்த பணம் இது. அந்த வட்டாரத்துக் குடியானவர்களும் கழுதைக்காரர்களும் அதை வாங்கிக்கொண்டு படைக்குச் சோளமும் இறைச்சியும் கொடுத்தார்கள். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த காசுகளில் மிகத் துணிச்சலானது எது என்று கேட்டால், தயங்காமல் இந்தச் செம்பைத்தான் சொல்வேன்.

அதற்குரிய விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். செம்பில் செய்வது கள்ளக் காசு செய்பவனுக்கும் எளிது. போலிகள் புழக்கத்தில் புகுந்தன, வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். இதற்கிடையே 1812 பிப்ரவரி 19 முதல் மே 2 வரை குவாவுத்லா நகரில் காயேகாவின் முற்றுகையைத் தாங்கி, பட்டினியோடு போரிட்டு, இரவோடிரவாக வெளியேறினார் மொரேலோஸ். நவம்பர் 25 அன்று வஹாக்கா நகரம் அவர் கைக்கு வந்தது. செல்வ வளமுள்ள அந்த நகரில்தான் அவருக்குப் போதிய வெள்ளி கிடைத்தது. வில்லும் அம்பும் பொறித்த வெள்ளிக் காசுகள் வார்த்தும் அடித்தும் வெளியாயின. மன்னன் காசுகள் மேல் அவருடைய மேல்முத்திரையும் விழுந்தது. வட்டத்துக்குள் மேலும் கீழும் விண்மீன்கள், நடுவே அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். மெக்சிகோ நகரக் கம்மட்டத்தின் அடையாளமும் அதே இரண்டு எழுத்துகள்தான். அது தற்செயலாகவே இருக்கலாம், ஆனாலும் மக்களின் கண்ணுக்குப் பழகிய எழுத்துகளாக அவை இருந்தது முத்திரைக்கு உதவியிருக்கும்.

அந்த நவம்பரிலேயே ரயோனுக்கு எழுதும்போது, விடுதலைக்குப் போட்ட முகமூடியைக் கழற்ற நேரம் வந்துவிட்டது என்ற கருத்தை மொரேலோஸ் முன்வைத்தார். பெர்னாண்டோவின் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இன்னும் ஏன் அவர் பெயர் என்பது வாதம். ஓராண்டு கழித்து, 1813 நவம்பர் 6 அன்று, சில்பான்சிங்கோவில் கூடிய பேரவை மன்னனை விட்டு முற்றாக விலகும் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டது. மொரேலோஸின் செம்புக் காசு அதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது.

அரசுத் தரப்பும் முத்திரை அடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இடால்கோ கொல்லப்பட்ட சிவாவாவில், தலைநகரப் பெசோவை மாதிரியாக வைத்து வார்த்த காசுகளின் மேல் கருவூல அதிகாரியின் எழுத்தும், முடிசூடிய தூண்களும், மாதுளம்பழமும் பதித்தார்கள். மன்னனின் காசு மன்னனின் ஆட்களிடமே செல்ல மூன்று முத்திரை தேவைப்பட்டது. மன்னனின் முகம் மட்டும் போதாது என்றாகிவிட்ட பிறகு, இரண்டு தரப்புக்கும் ஒரே சுத்தியல்தான்.

அந்நிய மன்னனின் பெசோவைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் பழக்கம் போர்க்களத்துக்கு வெளியிலும் இருந்தது. 1797இல் இங்கிலாந்து வங்கி ஸ்பானிய டாலர்களின் மேல் மூன்றாம் ஜார்ஜின் சிறு தலையைப் பதித்து வெளியிட்டது. நம் சென்னையில் 1807, 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் ஒரு படி போய், இதே எட்டு ரியால் காசுகளின் மேல் முழு அச்சையும் வைத்து அடித்து அரை வராகன் வெள்ளிக் காசாக்கியது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் சாமி உருவம், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. சில காசுகளில் உற்றுப் பார்த்தால் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய எழுத்துகளின் தடம் இன்னும் தெரியும். கம்பெனிக்கு அது கணக்கு விவகாரம். மெக்சிகோ மலைகளில் அதே வேலையைச் செய்தவன் பிடிபட்டால் சுடப்படுவான்.

முடிவு விரைவாக வந்தது. 1814 மார்ச்சில் வஹாக்கா அரசுப் படையிடம் விழுந்தது. செம்புக் காசை வைத்திருந்தவர்கள் கையில் அது செல்லாக்காசாக நின்றது. மாற்றித் தருவதாகச் சொன்ன மனிதர் 1815 நவம்பரில் பிடிபட்டு, டிசம்பர் 22 அன்று எக்கத்தெப்பெக்கில் சுடப்பட்டார். தெற்கு மலைகளில் விசென்தே கெரேரோ மட்டும் விடாமல் போரிட்டுக்கொண்டிருந்தார்.

1821இல் விடுதலையைக் கொண்டுவந்தது அவரோடு சமரசம் செய்துகொண்ட அரசுத் தளபதி அகுஸ்தின் இத்துர்பிதே. 1812இல் யுரிரியா ஏரித் தீவிலிருந்து லிசேயாகாவின் ஆட்களை விரட்டியடித்தவர் இவரேதான். 1822இல் பேரரசராக முடிசூடிக்கொண்டார். விடுதலை பெற்ற மெக்சிகோவின் எட்டு ரியாலில் மறுபடியும் ஒரு தலை, இம்முறை அவருடையது. கழுகு மறுபக்கத்தில் கிரீடத்தோடு உட்கார்ந்தது. 1823 மார்ச்சில் அவர் முடி துறந்தார்.

அதே ஆண்டு குடியரசு புதிய அச்சு வெட்டியது. ஒரு பக்கம் பாம்பைப் பற்றிய கழுகு, மறுபக்கம் கதிர்வீசும் விடுதலைத் தொப்பி. தொப்பியைச் சுற்றி மதிப்பும் கம்மட்ட எழுத்தும் ஆண்டும், இவற்றோடு மன்னர்களின் பெசோவில் இல்லாத ஒரு குறிப்பும்: 10 தினேரோ, 20 கிரானோ. வெள்ளியின் மாற்று அது. சுத்த வெள்ளி 12 தினேரோ, ஒரு தினேரோவுக்கு 24 கிரானோ, ஆக ஆயிரத்தில் ஏறத்தாழ 903 பங்கு. 1786இல் மூன்றாம் கார்லோஸ் ரகசிய ஆணை ஒன்றால் இந்த மாற்றை 896 அளவுக்கு இறக்கியிருந்தார். அவர் தலை பதிந்த காசை வாங்கியவர்களுக்கு அது சொல்லப்படவே இல்லை. குடியரசு பழைய மாற்றைத் திரும்பக் கொண்டுவந்து, அதைக் காசிலேயே எழுதியது. காசைச் சோதித்து வாங்கும் காண்டன் சராபுகள் அந்த எழுத்தை நம்பினார்களா, தாங்களே சோதிக்க உளியை எடுத்தார்களா என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)